பேசாப் பிள்ளைகளும் பேசும் பலகைகளும்

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்று அவருடைய வரலாறு கூறுகிறது. ஸ்ரீவைகுண்டத்துப் பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றதும், முருகன் அருளால் வாய் திறந்ததும், திறந்த வாயிலிருந்து கந்தர் கலிவெண்பா பிறந்ததும் நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டறிந்த கதை. அதை அற்புதமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அருளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைப் பற்றி நாம் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை தன் தாயிடம் பசியை எப்படிச் சொல்லியிருக்கும்? வலித்த இடத்தை எப்படிக் காட்டியிருக்கும்? வேண்டாததை எப்படி மறுத்திருக்கும்?

மழலையின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த குறளைக் கொண்டாடும் சமூகம் நம்முடையது. மழலை வராத வீடுகளைப் பற்றி நம் இலக்கியம் அதிகம் பேசியதில்லை. குமரகுருபரருக்கு ஏதேனும் மருத்துவப் பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. அது வரலாற்றுக்கும் மருத்துவத்துக்கும் ஒருசேரச் செய்யும் பிழையாகும். ஆனால் ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஆட்டிசம் கொண்ட குழந்தைகளுக்காகக் கடந்த அறுபது ஆண்டுகளில் மனிதர்கள் செய்து பார்த்த பலகைகள், படங்கள், இயந்திரங்கள் ஆகியவற்றின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தொகுத்துக்கொள்ள விரும்புகிறோம். நன்மையும் பிழையும் பெருந்துயரமும் கலந்த வரலாறு இது.

1943ஆம் ஆண்டு பால்டிமோரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் அழைக்கும் நிலையின் முதல் விரிவான சித்திரங்களில் ஒன்று அது. அந்த 11 பேரில் மூவர் பேசவேயில்லை. பேசிய எண்மரின் பேச்சும் விசித்திரமாக இருந்ததைக் கானர் கவனித்தார். கேட்ட தொடரைக் கேட்டபடியே திருப்பிச் சொன்னார்கள்; தம்மை 'நீ' என்றும் எதிரிலிருப்பவரை 'நான்' என்றும் குறித்தார்கள். சொற்கள் இருந்தன, அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி கொண்டு செல்வது மட்டும் அரிதாக இருந்தது. பேச்சு என்பதும் தொடர்பு கொள்ளுதல் என்பதும் இரு வேறு செயல்கள் என்னும் உண்மை அந்த முதல் கட்டுரையிலேயே ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு கொடிய கருத்து. தாயின் அன்பின்மையே குழந்தையைத் தனக்குள் ஒடுங்கச் செய்கிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை ஊரறியச் செய்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, ஆட்டிசம் கொண்ட ஒரு மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் இது நரம்பியல் சார்ந்த நிலை என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். அவர் பக்கமே உண்மை இருந்தது. ஆனாலும் அது நிலைபெறுவதற்குள் எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து வாழ்ந்து முடித்தார்கள். குழந்தை வேண்டுமென்றே பேச மறுக்கிறது என்று நம்புகிற உலகம், அதற்குப் பேச வேறு வழி செய்துகொடுக்க வேண்டும் என்று எண்ணவில்லை.

எண்ணிய சிலர் 1960களில் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓமர் கய்யாம் மூர் என்னும் சமூகவியலாளர் 'பேசும் தட்டச்சு' ஒன்றை உருவாக்கினார். விசையை அழுத்தினால் எழுத்து தாளில் பதியும், ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். சிறு பிள்ளைகள் தாமாகவே எழுத்தறிவு பெறுவதற்கென்று செய்யப்பட்ட இந்த இயந்திரத்தை, நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் குட்வின் தம்பதியர் ஆட்டிசம் கொண்ட குழந்தைகள் முன் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி, பேசாத குழந்தைகளைக் கணினித் திரையின் முன் அமர்த்திய பரிசோதனையைப் பற்றி 1968இல் எழுதினார். 1976இல் எடின்பரோவில் சில்வியா வியர், தரையில் ஊரும் 'ஆமை' என்னும் சிறு இயந்திரத்தை ஓட்ட ஒரு சிறுவனுக்குக் கற்றுத் தந்து, அதன் வழியே அவன் பிறரோடு பேசத் தொடங்கியதைப் பதிவு செய்தார்.

இம்மூன்று முயற்சிகளும் சிறியவை. இன்றைய அறிவியல் கேட்கும் கட்டுப்பாடுகளுக்குள் நடந்தவையும் அல்ல. ஆனால் மூன்றிலும் பொதுவான ஒரு கவனிப்பு இருக்கிறது. இயந்திரம் அவசரப்படுத்துவதில்லை. ஒரே விசையை நூறு முறை அழுத்தினாலும் முகம் சுளிப்பதில்லை, நூறு முறையும் ஒரே விடையைத் தருகிறது. மனித முகமும் குரலும் கணந்தோறும் மாறுவதால் திகைத்துப்போகும் குழந்தைக்கு இந்த மாறாத் தன்மை ஒரு பிடிமானமாக அமைந்தது. அதே பத்தாண்டில் வாய்ப்பேச்சை மட்டுமே இலக்காகக் கொண்ட கடுமையான பயிற்சிகளும் நடந்தன. லாஸ் ஏஞ்சலஸில் ஐவர் லோவாஸ் நடத்திய பயிற்சியில் அறைவதும் கூச்சலிடுவதும் இருந்ததை 1965இல் 'லைஃப்' இதழ் படங்களுடன் வெளியிட்டது. உதட்டிலிருந்து சொல் வந்தாக வேண்டும் என்னும் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அந்தப் படங்கள் சான்று.

படங்களின் கதை வேறொரு திசையிலிருந்து வந்து சேர்கிறது. இலக்கிய வாசகர்களை அது தனியே ஈர்க்கும் என்பதால் சற்று நின்று சொல்கிறோம். 1897இல் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த கார்ல் பிளிட்ஸ் என்ற யூதர், டாஹாவ், புக்கன்வால்ட் ஆகிய நாஜி முகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி ஷாங்காய் சென்று சேர்ந்தார். அங்கே கடைப்பலகைகளில் கண்ட சீன எழுத்துகள் அவரை ஆட்கொண்டன. ஒலியைத் தொடாமல் பொருளை மட்டும் சுமக்கும் குறிகளால் உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் எழுத்துமுறை செய்தால் மொழியின் பெயரால் மனிதர் ஒருவரையொருவர் ஏமாற்றவும் கொல்லவும் இடமிராது என்று அவர் கனவு கண்டார். போருக்குப் பின் ஆஸ்திரேலியாவில் குடியேறி, சார்லஸ் பிளிஸ் என்ற பெயரில் 1949இல் அந்தக் குறிமுறையை நூலாக்கினார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1971இல் டொரோன்டோவில், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளின் ஆசிரியையான ஷெர்லி மக்நாட்டன் அந்த நூலைக் கண்டெடுத்தார். உலக அமைதிக்காகச் செய்த குறிகளைக் குழந்தைகள் பலகையில் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். அறிவற்றவை என்று கருதப்பட்டிருந்த பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், கேலி செய்தார்கள். செய்தி அறிந்த பிளிஸ் முதலில் மகிழ்ந்தார், பிறகு சினந்தார். தம் குறிகளை ஆசிரியர்கள் வளைக்கிறார்கள் என்றும், பொதுமொழி ஆகவேண்டியதை ஆங்கிலத்துக்கு ஏறும் படிக்கட்டாக்குகிறார்கள் என்றும் குற்றம் சாட்டினார். ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தப் பூசல் 1982இல் உடன்படிக்கையில் முடிந்தது. ஒரு மொழியை உண்டாக்கியவன் அதன் இலக்கணத்துக்காக மன்றாட, அதைப் பேசுகிறவர்கள் தம் தேவைக்கு அதை மாற்றிக்கொண்டே போனார்கள். எல்லா மொழிகளுக்கும் நேர்வதுதான் இது.

ஆட்டிசம் கொண்ட குழந்தைகளிடம் பலகை வேறொரு சிக்கலைச் சந்தித்தது. படத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னால் குழந்தை சுட்டும். எவரும் பார்க்காதபோதும் சுட்டும். வெற்று அறையில் பலகையைத் தட்டிவிட்டு, கிடைக்காத பழச்சாறுக்காக அழும். சொல்லுக்குக் கேட்பவர் வேண்டும் என்னும் அடிப்படை அங்கே விடுபட்டிருந்தது. 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்ட்டும் இதற்கு எளிய வழியொன்று கண்டார்கள். குழந்தை படத்தைச் சுட்ட வேண்டியதில்லை. எடுத்துப் பிறர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கணமே கேட்ட பொருள் கிடைக்கும்.

இந்தப் படப் பரிமாற்ற முறையின் தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் எதிரே, குழந்தைக்குப் பிடித்த பொருளோடு அமர்ந்திருப்பார். மற்றவர் பின்னாலிருந்து குழந்தையின் கையைப் படத்தை நோக்கி நகர்த்தி உதவுவார். 'என்ன வேண்டும்?' என்று எவரும் கேட்கக் கூடாது. கேட்டால் குழந்தை கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். பின்னாலிருக்கும் கை மெல்ல மெல்ல விலகும். எதிரே இருப்பவர் தள்ளிப் போய் அமர்வார், குழந்தை எழுந்து தேடிச் செல்லும். பிறகுதான் இரு படங்களில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதும், படங்களைப் பட்டையில் ஒட்டித் தொடராக்குவதும், கடைசியாகக் கண்டதைப் பற்றிச் சொல்வதும் வரும். ஓர் அட்டை, ஒரு படம், இரண்டு மனிதர்கள்: இதுவரை கண்ட கருவிகளில் மிக மலிவான இதுவே உலகெங்கும் பரவியது.

அதே காலத்தில் மின்னணுக் கருவிகளும் வளர்ந்தன. எம்.ஐ.டி. ஆய்வாளர் டெனிஸ் கிளாட்டின் உழைப்பிலிருந்து பிறந்த 'டெக்டாக்' என்னும் பேச்சுக் கருவி 1984 முதல் எழுத்தைத் தெளிவான பேச்சாக்கியது. கிளாட்டின் சொந்தக் குரலைத் தழுவிச் செய்த ஆண்குரலே மிகுதியாகப் பயன்பட்டது. ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் அறிந்ததும் அந்த மரபில் வந்ததே. அந்த ஆண்டுகளில் கருவி வழியே பேசிய சிறு பிள்ளைகளில் பலர் நடுவயது ஆணின் குரலில் தாயை அழைத்தார்கள். அதைக் கேட்ட தாய் என்ன உணர்ந்திருப்பாள் என்பதை எந்த ஆய்வறிக்கையிலும் தேட முடியாது.

இனி, இந்த வரலாற்றின் இருண்ட அத்தியாயம். ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி 1970களில் கைக்கொண்ட ஒரு முறையை, அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் 1990இல் ஒரு கட்டுரை மூலம் பரப்பினார். பேசாத குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் தாங்கிக்கொள்வார். குழந்தை எழுத்து எழுத்தாகத் தட்டும். வெளிவந்தவை முழு வாக்கியங்கள், கவிதைகள், 'அம்மா, நான் உன்னை நேசிக்கிறேன்' என்பன போன்ற செய்திகள். பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல்லுக்காக ஆண்டுகள் தவமிருந்த பெற்றோர் அழுதார்கள், நம்பினார்கள். அந்த இடத்தில் நாமாக இருந்திருந்தால் நாமும் நம்பியிருப்போம்.

1993இல் சோதனைகள் நடந்தன. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாதவாறு காட்டப்பட்டன. தட்டச்சில் சரியாக வந்த பெயர்கள் உதவியாளர் கண்ட படங்களின் பெயர்களே. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தம் விரலின் மெல்லிய தள்ளுதலைத் தாமே அறியாதிருந்தார்கள். சோதனை முடிவைக் கண்டு உடைந்துபோனவர்களும் அவர்களுள் உண்டு. அதற்குள் இந்த முறையில் 'எழுதப்பட்ட' பாலியல் குற்றச்சாட்டுகளால் பெற்றோர் பழி சுமந்திருந்தார்கள், பிள்ளைகள் வீடுகளிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள். 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் மீண்டும் எச்சரித்தது. எழுத்துப் பலகையை மற்றொருவர் கையில் ஏந்தி நிற்கும் பின்னாளைய முறையொன்றையும் பரிந்துரைக்க இயலாது என்றது.

இந்த அத்தியாயத்தை விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேசாத குழந்தைக்கு இழைக்கக்கூடிய அநீதிகள் இரண்டு. அதனுள் சொல்ல எதுவும் இல்லை என்று கருதுவது முதலாவது. அது சொல்லாததை அதன் பெயரால் நாமே சொல்லிக்கொள்வது இரண்டாவது. இரண்டாவது அன்பின் உடையில் வருவதால் அடையாளம் காண்பது கடினம். ஆகவே எந்தக் கருவியைக் கண்டாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சொல்லைத் தேர்ந்தது யாருடைய விரல் என்பதே. உடன் இருப்பவர் கையை விலக்கிக்கொண்ட பிறகும் குழந்தை பேசுமானால் அது குழந்தையின் சொல்.

2009இல் கைப்பேசிக்கென ஒரு பேச்சுச் செயலி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதுவரை பேச்சுக் கருவிகள் பல ஆயிரம் டாலர் விலையில், மருத்துவ உபகரணத்தின் தோற்றத்தில் இருந்தன. இப்போது கடையில் கிடைக்கும் பலகைக் கணினியும் ஒரு செயலியும் போதும் என்றாயிற்று. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படும் பொருள் பேசாத பிள்ளையின் கையில் இருந்தது. புதிய நிலை புதிய அச்சங்களையும் கொண்டுவந்தது. 2012இல் காப்புரிமை வழக்கொன்றின் நடுவே ஒரு பேச்சுச் செயலி ஆப்பிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வழியே அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த நான்கு வயதுச் சிறுமியின் தாய், என் மகளின் குரல் பறிபோகுமா என்று பொதுவெளியில் கேட்டார். சில மாதங்களில் நிறுவனங்கள் சமாதானமாகிச் செயலி திரும்பியது. ஆனால் ஒருவருடைய குரல் மற்றொருவரின் உடைமையாக இருக்க முடியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி, ஐ.ஐ.டி. மெட்ராஸில் பயின்ற அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்னும் பேச்சுக் கருவியை உருவாக்கினார். மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய அது, பின்னர் ஐபேட் செயலியாகி ஆட்டிசம் கொண்ட குழந்தைகளிடமும் சென்றது. படங்களால் பேசும் பிள்ளைகளிடம் பொருள் இருந்தும் இலக்கணம் இல்லாததைக் கவனித்த அவர், 2013இல் தம் உரையொன்றில் ஒரு வழியை விளக்கினார். 'சாப்பிடு' என்ற படத்தை வைத்து யார், எதை, எப்போது என்று கேள்விகளால் பிற படங்களை இணைத்தால், சொல் வரிசையும் விகுதியும் இன்றியே வாக்கியத்தின் பொருள் முழுமையாகிவிடும். அதை எந்த மொழி வாக்கியமாகவும் மாற்றுவது கணினியின் வேலை.

நம் மொழியில் இது வெறும் வசதி அன்று, அவசியம். ஆங்கிலப் பலகையை அப்படியே தமிழாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'நான்' என்ற ஒரே படம் நான், எனக்கு, என்னை, என் என்று நான்காகப் பிரிய வேண்டும். 'போ' என்ற படத்தை விளையாட்டிடத்துக்குப் போகும் ஆசையில் ஒரு பிள்ளை அழுத்தினால், அது எதிரே அமர்ந்திருக்கும் பாட்டியைப் போகச் சொல்வதாக ஒலிக்கும். 'வா'வா, 'வாங்க'வா என்பதைப் படம் அறியாது. இவை தவிர, எந்த வீட்டிலும் எவரும் பேசாத எழுத்துத் தமிழில் கருவி பேசுமானால், குழந்தை தன் வீட்டிலேயே அயலானாகும். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று கருவி சொல்ல, 'தண்ணி வேணுமா கண்ணு?' என்று தாய் கேட்பாள். இரண்டும் ஒன்றே என்று அறிய அந்தக் குழந்தை எவ்வளவு உழைக்க வேண்டும்! தொல்காப்பியத்தைப் போற்றும் நாம் இந்தச் சிக்கலுக்கு இலக்கணம் வகுக்க எவ்வளவு உழைத்திருக்கிறோம் என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கருவியைக் கண்டு தயங்கும் பெற்றோரின் பழைய அச்சம் ஒன்றுண்டு: இதைக் கொடுத்துவிட்டால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடுமோ? 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். வலுவான சான்றுள்ள 27 பேரில் 89 விழுக்காட்டினரின் பேச்சு கூடியிருந்தது, மற்றவர்களிடம் மாற்றமில்லை, எவருக்கும் குறையவில்லை. கூடிய அளவு பெரும்பாலும் சிறிதே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014இல் கோனி கசாரி தலைமையிலான குழு, மிகக் குறைவாகப் பேசும் 5 முதல் 8 வயதுவரையான 61 குழந்தைகளை ஆராய்ந்தது. எல்லோருக்கும் ஒரே வகையான, விளையாட்டோடு இணைந்த பயிற்சி. பாதிப் பேருக்கு முதல் நாளிலிருந்தே பேச்சுக் கருவியும் உண்டு. கருவி பெற்றவர்கள் தாமாக முன்வந்து சொன்னவை மிகுந்தன. கேட்பதற்கு மட்டுமன்றி, கண்டதைப் பகிர்வதற்கும் பேசினார்கள். கருவியில் சொற்களைத் தொட்டுப் பேசிக் காட்டிய பெரியவர்கள் உடன் இருந்தார்கள் என்பதே இங்கு முதன்மையானது. மழலை பேசுமுன் குழந்தை ஓராண்டுக்கு மேல் நம் பேச்சைக் கேட்கிறது. படப் பலகையில் பேச வேண்டிய குழந்தைக்கு, படப் பலகையில் பேசும் மனிதர்களைக் காணும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

2007இல் மெல் பாக்ஸ் என்னும் ஆட்டிசம் கொண்ட அமெரிக்கர் ஒரு காணொளி வெளியிட்டார். அதில் அவர் முனகுகிறார், கைகளை அசைக்கிறார், குழாய் நீரில் விரல்களை விளையாட விடுகிறார். மறுபாதியில் கணினிக் குரல் அதை 'மொழிபெயர்க்கிறது'. நீரோடு தாம் பேசிக்கொண்டிருந்ததையும், சுற்றியுள்ள எல்லாவற்றோடும் நடந்த அந்த உரையாடலை எவரும் மொழியாக எண்ணாததையும், உங்கள் மொழியைக் கற்ற பிறகே தம்மை மனிதராக எண்ணுகிறார்கள் என்பதையும் அக்குரல் சொல்கிறது. 2020இல் மறைந்த அவர் எழுப்பிய கேள்வி, கருவிகளைப் போற்றும் நம் உற்சாகத்தைச் சற்றே நிறுத்திவைக்கிறது. கருவி தந்துவிட்டோம் என்பதற்காக, அதற்கு முன்பே குழந்தை கண்ணாலும் கையாலும் அழுகையாலும் பேசிக்கொண்டிருந்ததை நாம் மறந்துவிடலாகாது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பு என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே இத்தகைய மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்டதை வகுப்பறையும் வீடும் ஏற்றுக்கொள்ளக் காலம் ஆகும். அதுவரை ஓர் அட்டையும் பசையும் போதும்; தொடங்கிவிடலாம். பலகை செய்யும் பெரியவர்கள் முதலில் ஒட்டுவது சோறு, தண்ணீர், கழிப்பறை. இவற்றோடு 'வேண்டாம்' என்பதையும் முதல் நாளே ஒட்ட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அந்தச் சொல்லைத் தொடும் நாளில் குழந்தை நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும், அன்றைய பயிற்சி கெடும், தட்டில் சோறு மீதமாகும். அந்த விரல் அதனுடையதுதானா என்ற ஐயம் மட்டும் அன்று எவருக்கும் எழாது.